பெரிய வீட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

பங்காளிகள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஐயாக்கள் பர்மாவில் லேவாதேவி செய்து செட்டிநாட்டில் கட்டிய வீட்டை அருங்காட்சியகமாக்கும் திருப்பணி ஒருவழியாக முடிந்துவிட்டது. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்ததோடு அங்கிருந்து வந்த வரும்படி நின்றது; வீட்டைப் பார்க்க அப்புறம் யாருக்கும் கை ஓடவில்லை. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்ததும் தனியே வரும். செய்ததையும், செய்யாமல் விட்டதையும் மட்டும் இங்கே எழுதுகிறோம்.

கூரை வேலையில் சிக்கல் இல்லை. நாட்டு ஓட்டைப் பிரித்து, உளுத்த சட்டங்களை மாற்றி, உடையாத பழைய ஓடுகளையே திரும்ப அடுக்கினோம். போன ஐப்பசி மழையில் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஒழுகலுக்கு ஒரு பாத்திரம்கூட வைக்க வேண்டியிருக்கவில்லை.

சுவர்தான் படுத்தி எடுத்துவிட்டது. முன்பு ஈரம் தெரிகிறதென்று இரண்டாங்கட்டுச் சுவரில் சிமெண்ட் பூசினோமே, அது நாமே செய்த தவறு. சுண்ணாம்புப் பூச்சு சுவரில் ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை அடைத்தது. ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்து, நன்றாக இருந்த பூச்சையும் உதிர்த்தது. அத்தனையையும் கொத்தி எடுத்து, சுவர் காயும்வரை காத்திருந்தோம். பிறகு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து அடிப்பூச்சு. கடைசிக் கை, முட்டை வெள்ளைக்கரு கலந்த மெல்லிய பூச்சு. அது இறுகுவதற்குள் தேய்த்து மினுக்க வேண்டும். இந்தக் கைப்பக்குவம் உள்ள கொத்தனார் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தாமதத்துக்கு முக்கியக் காரணம் அதுதான். இப்போது வந்து அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், வெயில் நேரத்திலும் ஜில்லென்று இருக்கிறது.

பட்டாலை என்னும் கூடத்தில் உடைந்த தரைக் கற்களுக்குப் பதில் ஆத்தங்குடியில் சொல்லிச் செய்தோம். கண்ணாடிமேல் கையால் வண்ணம் ஊற்றி, சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் கல் அது. புதுக்கல் கொஞ்சம் கண்ணைக் குத்துகிறது, உண்மைதான். கால் படப்படத்தான் மெருகேறும்.

சரி, அடுப்படி விஷயம். பெல்ஜியம் கண்ணாடியும் ரவிவர்மா படங்களும் முகப்பில் மாட்டியாயிற்று. செட்டிநாட்டில் அவற்றைப் பல வீடுகளில் பார்க்கலாம். ஆனால் அடுப்படிச் சுவரில் வெள்ளையைச் சுரண்டியபோது கரிக்கோடுகள் தெரிந்தன. நாலு கோடு, குறுக்கே ஒன்று, இப்படி வரிசை வரிசையாக. “கரிச்சுவரைக் காட்டவா இவ்வளவு செலவு?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் பெரிய ஆச்சி வந்து நின்று பார்த்துவிட்டு, “மேலே இருக்கிறது பால் கணக்கு, கீழே மோர் கொடுத்த கணக்கு” என்றார்கள். வீட்டுப் புழக்கத்தைக் காட்டத்தானே இந்த அருங்காட்சியகம்? சுவரை அப்படியே விட்டுவிட்டோம். பக்கத்தில் நீங்கள் கொடுத்த மங்குச் (பீங்கான்) சாமான்களையும் ஓலைக் கொட்டான்களையும், அன்றாடம் எடுத்துப் புழங்கிய இடத்திலேயே வைத்திருக்கிறோம்.

வளவில் வடக்குப் பக்கத்து மூன்றாவது அறையை மட்டும் இன்னும் திறக்கவில்லை. பூட்டை உடைக்கக் கமிட்டிக்கு மனம் வரவில்லை. அந்த அறைக்குரிய புள்ளியின் (குடும்பத்தின்) வாரிசுகள் யாரிடமாவது சாவி இருந்தால், தை பிறப்பதற்குள் கொண்டுவந்து நீங்களே திறந்துவிடுங்கள்.