பாவித்த கேமுக்கும் பங்கு கேட்பதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பாவித்த வீடியோ கேம் டிஸ்க் கைமாறும் ஒவ்வொரு தடவையும் அதை உருவாக்கியவர்களுக்கு ஒரு பங்கு போக வேண்டும் என்று வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். உழைத்தவருக்குக் கூலி சேர வேண்டும் என்ற அவரது அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கூலியைப் பாவித்த டிஸ்க் வாங்கும் பிள்ளையிடம் அறவிடுவது அநியாயம்.

கல்லடியில் ஒருவர் தன் வள்ளத்து எஞ்சினை விற்றால் அதைச் செய்த கம்பனி பங்கு கேட்டு வருவதில்லை. எஞ்சின் தேயும், கேம் தேயாது என்கிறார் அந்த வாசகர். உண்மைதான். ஆனால் டிஸ்க்கைக் கொடுத்தவரால் அதற்குப் பிறகு அந்த கேமை விளையாட முடியாதே! ஒரு பிரதிக்கு உரிய விலையைக் கம்பனி ஏற்கெனவே வாங்கிவிட்டது. இப்போதும் இருப்பது அதே ஒரு பிரதிதான். கேம் தொழிலில் ஊறிய ஜப்பானிலேயே, பாவித்த கேம்களைக் கடைகள் விற்பது சட்டப்படி சரி என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் பக்கத்து நிலைமையையும் பார்க்க வேண்டும். பெரிய கேம்கள் இப்போது 70 டொலருக்கு வெளிவருகின்றன. நம் காசில் 20,000 ரூபாய்க்கும் மேல். எத்தனை வீடுகளுக்கு இது கட்டும்? மட்டக்களப்பு நகரக் கடையொன்றில் ஒரு பொடியன் தன் டிஸ்க்கை மாற்ற வந்ததைப் பார்த்தேன். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மெஷினில் போட்டு ஓடவிட்டார். "அண்ணன், இன்னும் 500 கூட்டிப் போடுங்களேன்" என்று அவன் கெஞ்சினான். கிடைத்ததோடு கையிலிருந்ததையும் சேர்த்து, அதே கடையில் வேறொரு கேமை வாங்கிக்கொண்டு போனான். பழையதை விற்ற காசு கேமுக்குள்ளேயேதான் திரும்பிப் போகிறது.

பிளேஸ்டேஷன் 2 என்ற கேம் மெஷின் ஓடிய காலத்தில் இங்கே கேம் என்றாலே கள்ளப் பிரதிதான். ஒரிஜினல் டிஸ்க்கைக் கண்ணால் கண்டவர்களே குறைவு. அந்தப் பழக்கத்திலிருந்து பிள்ளைகளை ஒரிஜினல் பக்கம் இழுத்ததில் பாவித்த டிஸ்க்குகளுக்குப் பெரிய பங்குண்டு என்று நம்புகிறேன். அதற்கும் ஒரு வரி போட்டால் அவர்கள் புது கேம் வாங்கப் போவதில்லை, மறுபடியும் கள்ளப் பிரதிக்குத்தான் போவார்கள். கம்பனிக்கு அதில் ஒரு சதமும் மிஞ்சாது.

கம்பனிகள் இதை முயன்று பார்க்காமலும் இல்லை. இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் என்ற கேம் வெளியீட்டு நிறுவனம் 2010இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது: பாவித்த டிஸ்க் வாங்குபவர் இணையத்தில் மற்றவர்களோடு விளையாட வேண்டுமென்றால் இன்னும் 10 டொலர் கட்ட வேண்டும். எதிர்ப்பு வலுத்தது, 2013இல் அவர்களே கைவிட்டார்கள். அதே ஆண்டு எக்ஸ்பொக்ஸ் வன் என்ற தன் புது கேம் மெஷினுக்கு மைக்ரோசொப்ட் அறிவித்த மறுவிற்பனைக் கட்டுப்பாடுகளும், மெஷின் சந்தைக்கு வருமுன்னரே கைவிடப்பட்டன. பெரிய கேம்களைச் செய்யும் புரோகிராமர்களும் ஓவியர்களும் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். பங்கு என்று எதை வசூலித்தாலும் முதலில் வெளியீட்டு நிறுவனத்தின் பெட்டிக்குத்தான் போகும். அந்தச் சம்பளக்காரர்களின் உழைப்புக்காகப் பேசுவதென்றால் சம்பளத்தையும் வேலைப் பாதுகாப்பையும் பற்றிப் பேசுவோம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது டிஸ்க்கே இல்லாமல் போவது. தரவிறக்கி வாங்கும் கேமை விற்கவும் முடியாது, நண்பனுக்குக் கைமாற்றவும் முடியாது. ஆனாலும் புதிதாக வரும்போது பெரும்பாலும் டிஸ்க்கின் விலையேதான் அதற்கும். வாங்குபவருக்குக் கிடைப்பது பாவிக்கும் அனுமதி மட்டுமே என்பதை விற்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டுமென்று கலிபோர்னியாவில் 2024இல் சட்டம் இயற்றினார்கள். நம் நாட்டில் பணம் கட்டும் பெற்றோருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இதைக் கவனத்தில் எடுக்கும்படி தங்கள் பத்திரிகை வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்லடி வாசகன்,
மட்டக்களப்பு.