பாட்டிலைத் திருப்பிப் பார் அம்மு

அம்மு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய பாட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு வாங்கிய இருமல் சிரப்பில் பாதி அளவு குட்டிக்கும் கொடுத்தேன், நல்லா தூங்கிட்டா என்று எழுதியிருந்தாய். தூங்காமல் என்ன செய்வாள்? அதில் குளோர்ஃபெனிரமின் இருக்கிறது, அலர்ஜி மருந்து, தூக்கத்தையும் வரவைக்கும். காலையில் எழுந்து விளையாடினாள் என்றதும்தான் எனக்குக் காப்பி இறங்கியது. இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லியிருப்பேன்.

முப்பது வருஷம் மெடிக்கல் ஷாப்பில் நின்றவன் மகள் இப்படிச் செய்யலாமா என்று திட்டத்தான் நினைத்தேன். ஆனால் "சளிக்கும் இருமலுக்கும் சேர்த்து ஒன்னு குடுங்க" என்று கைக்குழந்தையோடு வந்தவர்களுக்கு இதே மாதிரி பாட்டிலை எடுத்துக் கொடுத்தவன்தானே நானும். அப்போது எல்லாரும் கொடுத்தோம். இப்போது உறுத்துகிறது.

சரி, பாட்டிலைத் திருப்பு. பின்பக்கம் பொடி எழுத்தில் 5 மில்லிக்கு என்னென்ன என்று இருக்கும். உன்னுடையதில் மூன்று. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருமலை அடக்குவது, வறட்டு இருமலுக்கானது. ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்கு என்று சேர்ப்பது, பிபி இருப்பவர்களுக்கு ஆகாது. மூன்றாவது, முதலிலேயே சொன்ன குளோர்ஃபெனிரமின். இந்தக் கடைசி இரண்டும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிட 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டது. குட்டிக்கு மூன்று வயது.

மாப்பிள்ளைக்கும் அது பொருத்தமில்லை. கொழகொழவென்று சளி வருகிறது என்றாய், அதை அடக்கி உள்ளேயே வைத்து என்ன பண்ணுவது? சளியை இளக்க அம்ப்ராக்ஸால் அல்லது குவாய்ஃபெனெசின் மட்டும் உள்ளதாகக் கேட்டு வாங்கு. அதுவும் பெரிய மாயம் எதுவும் செய்யாது, வெந்நீரும் நாள்களும்தான் பாதி வேலையைச் செய்யும். சில பாட்டிலில் அடக்குவதையும் இளக்குவதையும் ஒன்றாகவே போட்டு விற்பார்கள், அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை. அப்புறம், அவர் பிபி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? உன் அம்மா இரண்டு மாதம் இருமி நாலு பாட்டில் காலி செய்தது ஞாபகம் இருக்கா, கடைசியில் காரணம் எனாலாப்ரில் என்ற பிபி மாத்திரை. டாக்டர் மாத்திரையை மாற்றினார், கொஞ்ச நாளில் இருமல் போயிற்று. கடைக்காரன் நானே கண்டுபிடிக்கவில்லை! இரண்டு வாரம் தாண்டி இருமினால் எந்த சிரப்பும் வேண்டாம், காசநோயா என்று பார்க்க சளிப் பரிசோதனைக்குப் போகச் சொல்.

குட்டிக்கு எதுவும் வாங்காதே. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் இருமல் சிரப் குடித்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்களே, அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது. லேபிளை எத்தனை தடவை படித்தாலும் அது தெரியாது. ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகவே இருமல் மருந்து வேண்டாம் என்று அப்போதுதான் மத்திய அரசும் திரும்பச் சொன்னது.

படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் கொடு, அவளுக்கு ஒரு வயது தாண்டிவிட்டதால் பயமில்லை. மூக்குக்கு உப்புத்தண்ணீர் டிராப்ஸ் போடு. அம்மா போனில் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவச் சொல்வாள், தலையை ஆட்டிவிட்டு விட்டுவிடு. கற்பூரம் குழந்தைக்கு வலிப்பு வரை கொண்டுபோகும், அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். தூங்கும்போது சட்டையைத் தூக்கி முழுசா ஒரு நிமிடம் மூச்சை எண்ணு. 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ, ராத்திரி என்று பார்க்காமல் டாக்டரிடம் போ.

ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் இரண்டு மூன்று பாட்டில் கிடக்கும், எனக்குத் தெரியும். எல்லாவற்றின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. கடையைத்தான் விட்டாச்சே, எனக்கு வேறென்ன வேலை.

அப்பா