ஓடுகிற பிள்ளைக்கு மாதவிடாய் நிற்பது வழமையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

மாகாணமட்டப் போட்டிகளுக்கான பயிற்சி தொடங்கிவிட்டால் அதிகாலையில் வெபர் மைதானத்துப் பக்கம் போய் நிற்பது, ஓய்வுபெற்ற பின்னரும் என்னை விட்டுப் போகாத பழக்கம். அண்மையில் அங்கே ஒரு தாய், தன் மகளுக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்று கவலைப்பட்டார். ஓடுகிற பிள்ளைகளுக்கு அது வழமைதான், போட்டி முடிந்தால் சரியாகிவிடும் என்று பக்கத்தில் நின்ற இன்னொருவர் அவரைத் தேற்றினார். அதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. உடற்கல்வி ஆசிரியையாக இருந்த காலத்தில் இதே ஆறுதலைப் பல தாய்மாருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

மாதவிடாயை நிறுத்துவது ஓட்டமல்ல, ஓட்டத்துக்கு ஈடாக உண்ணாமைதான். உண்ட உணவின் சக்தியில் பயிற்சிக்குச் செலவானது போக மிஞ்சுவதைக் கொண்டே உடல் தன் ஏனைய வேலைகளைச் செய்ய வேண்டும். அந்த மிச்சம் போதாதபோது மூளையிலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதி, ஓமோன்களை ஆளும் கபச்சுரப்பிக்கு அனுப்பும் கட்டளையைக் குறைக்கிறது. கபச்சுரப்பி தளர, சூலகம் ஈஸ்திரஜன் என்னும் பெண் ஓமோனைச் சுரப்பதும் குறைந்து, மாதவிடாய் முதலில் பிந்தி, பின்னர் நின்றே போகிறது. பஞ்ச காலத்தில் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட உடல் வைத்திருக்கும் ஏற்பாடு இது. அது பஞ்சத்தையும் பயிற்சியையும் பிரித்தறியாது. 1992 இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் உணவுக் குறைபாடு, மாதவிடாய் நிற்றல், எலும்புத் தேய்வு ஆகிய மூன்றையும் ஒரே நோயின் மூன்று முகங்களாக இனங்கண்டார்கள். 2014 இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவும் இதை ஏற்று, பாதிப்பு இருதயம், குருதிக்குழாய்கள், நோயெதிர்ப்பு, மனநிலை வரை செல்வதாக விரிவாக்கியது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 48 கிலோ எடையுள்ள ஒரு மாணவியின் உடலில் கொழுப்பைக் கழித்தால் ஏறத்தாழ 38 கிலோ மிஞ்சும். அந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 45 கிலோகலோரி கிடைத்தால் உடல் குறைவின்றி இயங்கும். 30 இற்குக் கீழே இறங்கினால் ஓமோன்களின் ஒழுங்கு சில நாட்களிலேயே குலையத் தொடங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பத்துக் கிலோமீற்றர் ஓடினால் அவளுக்கு 500 கிலோகலோரி அளவில் செலவாகும். ஆகவே அவள் உண்ண வேண்டியது ஏறத்தாழ 2,200 கிலோகலோரி. வெறுந்தேத்தண்ணீருடன் மைதானத்துக்கு வந்து, இடைவேளையில் ஒரு பணிஸ் சாப்பிட்டு, பின்னேரமும் ஓடி, இரவில் களைப்பில் அரைவயிற்றோடு படுக்கும் பிள்ளைக்கு 1,500 கிடைத்தாலே பெரிது. மிச்சம் கிலோவுக்கு 26 தான்.

எலும்பைப் பற்றி ஓரளவு பேசுகிறோம். குருதிநாடிகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நாடிகளின் உட்சுவரில் படர்ந்திருக்கும் கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவை வெளிவிடுவதால்தான், குருதி வேகமாகப் பாயும்போது நாடி விரிந்து இடங்கொடுக்கிறது. அந்த வாயுவை உருவாக்கும் நொதியத்தைத் தூண்டுபவற்றுள் ஈஸ்திரஜன் முக்கியமானது. மேற்கையை அழுத்தப் பட்டியால் ஐந்து நிமிடம் இறுக்கிவிட்டுத் திடீரெனத் தளர்த்தி, நாடி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேன் மூலம் அளப்பார்கள். மாதவிடாய் நின்றுபோன இளம் ஓட்ட வீராங்கனைகளின் நாடிகள், மாதவிடாய் ஒழுங்காக வரும் வீராங்கனைகளின் நாடிகளைவிடக் குறைவாகவே விரிவதை இப்பரிசோதனை காட்டியது. அவர்களுள் பலரிடம் கெட்ட கொலஸ்திரோலும் கூடியிருந்தது. மாதவிடாய் முற்றாக நின்ற ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடம் எதிர்பார்க்கும் மாற்றம் இது. உடற்பயிற்சி நாடிகளுக்கு நல்லது என்பது உண்மைதான். ஆனால் அந்த நன்மையை இந்த ஓமோன் குறைவு அரித்துவிடுகிறது. நாளைக்கே மாரடைப்பு வரும் என்று பெற்றோரைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உணவு கூடி மாதவிடாய் திரும்பியவர்களிடம் நாடிகளின் விரிவும் சீரடைந்ததைக் கண்டிருக்கிறார்கள்.

எலும்பு அவ்வளவு எளிதில் மன்னிப்பதில்லை. ஒரு பெண்ணின் எலும்புத் திணிவில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்த வயதில் சேராததை முழுமையாக ஈடுசெய்வது கடினம். 2013 இல் 17 வயதிலேயே உலகத் தடகளப் போட்டிக்குத் தெரிவான அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரி கெய்ன், உடல் எடையைக் குறைக்கும்படி நெருக்கப்பட்டதில் மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்று, ஐந்து எலும்புகள் முறிந்ததை 2019 இல் பகிரங்கமாகச் சொன்னார். என்னிடம் 1500 மீற்றர் ஓடிய ஒரு மாணவிக்கு எட்டு மாதம் மாதவிடாய் வரவில்லை. உடம்பு இறுகிவிட்டது, நல்லதுதான் என்று நான் சொன்னேன். முழந்தாளுக்குக் கீழே எலும்பு வெடித்து அவள் ஓட்டத்தை விட்டபோதுகூட, இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கும் அறிவு எனக்கு இருக்கவில்லை.

பிள்ளை பெரியவளானதும் உழுந்துக்களியும் நல்லெண்ணெயும் ஊர்க்கோழி முட்டையும் கொடுத்துத் தேற்றும் ஊர் நமது. அதே பிள்ளை ஈராண்டு கழித்து மைதானத்தில் இறங்கியதும், வயிறு தெரிகிறது, சோற்றைக் குறை என்கிறோம். விலையுயர்ந்த சத்துமா எதுவும் வேண்டியதில்லை. பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம், முடிந்ததும் அவித்த கடலையோ பயறோ ஒரு கோப்பை, கூடவே கச்சான், தயிர், நெத்தலி என்று இங்கே கிடைப்பவையே போதும். சோற்றின் அளவைக் குறைக்காமலிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வலயக் கல்விப் பணிமனைகளிடம் நான் கேட்பது இதுதான். பயிற்றுநர் ஆணாக இருக்கும் அணிகளில், மாணவிகள் கூச்சமின்றி மாதவிடாய்த் திகதியைச் சொல்லக்கூடிய ஓர் ஆசிரியையையும் பொறுப்பாக நியமியுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டாலோ, 15 வயதாகியும் பெரியவளாகாவிட்டாலோ, பெற்றோருக்கு அறிவித்து மருத்துவரிடம் அனுப்புங்கள். தைரொயிட்டுக் கோளாறு போன்ற வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால் நாமே முடிவு கட்டலாகாது. உணவைக் கூட்டாமல் மாத்திரையால் மட்டும் மாதவிடாயை வரவழைப்பது குறையை மறைக்குமே தவிர, மூளையின் நின்றுபோன கட்டளையைத் திருப்பித் தராது. பயிற்சி நிலையங்களில் எல்லோர் முன்னிலையிலும் மாணவிகளின் எடையை நிறுத்துப் பார்க்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். மைதானத்தில் கண்ட அந்தத் தாயிடம், மகளை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டும்படி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.