மனசாட்சியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பணம், புகழ், பதவி இந்த மூன்றும்தான் மனிதனை ஓட வைக்கின்றன, மனசாட்சியெல்லாம் மேடைப் பேச்சுக்கு மட்டுமே உதவும் என்று போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வாசகர் எழுதியிருந்தார். ரயில் பாதைப் பராமரிப்பில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

எங்கள் துறையில் இந்தப் பேச்சு வந்தாலே அரியலூரில்தான் போய் நிற்கும். 1956 நவம்பர் 23 விடியற்காலையில், மருதையாற்றில் வெள்ளம் புரண்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பாலத்தோடு ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த ராஜினாமாவால்தானே அவருக்குப் பெயர் கிடைத்தது, பின்னால் பிரதமராகவும் ஆனார் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அதே ஆண்டு மகபூப்நகர் பக்கம் நடந்த ரயில் விபத்தில் 100 பேருக்கு மேல் இறந்தபோதே அவர் ராஜினாமா கொடுத்துவிட்டார். நேரு ஏற்கவில்லை. பெயர்தான் வேண்டுமென்றால் அதுவே போதுமே. நல்லவர் என்ற பேரும் இருந்திருக்கும், நாற்காலியும் இருந்திருக்கும். அரியலூருக்குப் பிறகு மறுபடியும் கடிதம் கொடுத்து, ஏற்கும்படி வற்புறுத்தினார். விபத்துக்கு சாஸ்திரி பொறுப்பு என்பதற்காக அல்ல, ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றுதான் ஏற்கிறேன் என்று நேரு நாடாளுமன்றத்தில் சொன்னார். பிரதமரே குற்றம் சொல்லாதபோது அவரை விலகச் செய்தது எது?

சரி, அவர் பெரிய மனிதர். சாதாரண ஆட்களிடம் இது உண்டா என்றால், நான் பார்த்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் இரவு ரோந்து என்று ஒரு வேலை உண்டு. கையில் மூவர்ண விளக்கு, பையில் ஆபத்தென்றால் ஓட்டுநரை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கும் டெட்டனேட்டர் வெடி, விசில், ரோந்துப் புத்தகம். வெள்ளம் பாதையையோ பாலத்தையோ அரித்திருக்கிறதா என்று பார்த்தபடி தன் எல்லைவரை பாதையோரமாகவே நடந்து போய், எதிரே வரும் ஆளிடம் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். என்னிடம் வேலை பார்த்த ஒருவர், ஒரு ஐப்பசி இரவில், சின்னப் பாலம் ஒன்றின் அடியில் தண்ணீர்ச் சத்தம் மாறியிருக்கிறதென்று ரயிலை நிறுத்திவிட்டார். நாங்கள் போய்ப் பார்த்தால் பாதையில் ஒரு குறையும் இல்லை. ரயில் தாமதத்துக்கு அவர் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த மழையில் அதே இடத்தில் மறுபடியும் நிறுத்தினார். அப்போதும் பாதை பத்திரமாகத்தான் இருந்தது. ஏன்யா இப்படி என்று கேட்டேன். "சத்தம் கேட்டுச்சு சார். கேட்ட பிறகு எப்படித் தாண்டிப் போறது?" என்றார். ரயிலை விட்டிருந்தால் ஒரு கேள்வியும் வந்திருக்காது. நிறுத்தியதால் அவருக்குப் பாராட்டும் இல்லை, பணமும் இல்லை. கூட வேலை பார்த்தவர்களின் கேலிதான் மிச்சம்.

எல்லோரும் அவர் மாதிரி என்று சொல்ல வரவில்லை. நடக்காமலே புத்தகத்தை மாற்றிக்கொண்டவர்களும் இருந்தார்கள். பணமும் பதவியும் அதிகம் பேரை இழுக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் யாரும் பார்க்காத இடத்தில் அவை வேலை செய்வதில்லை. இப்போது ரோந்து ஆட்களுக்கு ஜிபிஎஸ் கருவி கொடுக்கிறார்கள். நல்லதுதான், ஆள் நடந்தாரா என்று அது காட்டிவிடும். பாலத்துக்கு அடியில் குனிந்து விளக்கடித்துப் பார்த்தாரா என்பதை அது காட்டாது.

இந்த ஆட்களின் மனசாட்சியை நம்பித்தான் நாம் ரயிலில் நிம்மதியாகத் தூங்குகிறோம். அதற்காக அவர்களை அதை மட்டுமே நம்பி இருட்டுக்குள் அனுப்பக் கூடாது. ரோந்துக்கு எங்கும் இருவராக அனுப்ப வேண்டும். கிழியாத மழைக்கோட்டும் நல்ல விளக்கும் மழை தொடங்கும் முன்பே கைக்கு வர வேண்டும். சந்தேகப்பட்டு ரயிலை நிறுத்திய ஆளிடம், பாதையில் குறை இல்லை என்பதற்காக விளக்கம் கேட்பதை அடியோடு நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில் பாதை மேற்பார்வையாளர்,
லால்குடி.