கொரிய எண்களைத் தமிழ் வழியாகவே சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கொரிய நிறுவனங்களில் வேலை தேடும் எண்ணத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிக் கொரிய மொழி படிக்கிறார்கள். நான் கணக்கு டீச்சர் என்பதால் எண்கள் பாடத்தை மட்டும் என்னிடம் எடுத்துவந்தார்கள். அங்கே கொடுத்த தாளில் கொரியச் சொல் ஆங்கில எழுத்தில் இருக்கிறது, விளக்கமும் ஆங்கிலத்தில். தமிழ் ஒரு வரி கூட இல்லை. மனம் பொறுக்காமல் நானும் அவர்களோடு உட்கார்ந்து படித்தேன்.

கொரியருக்கு எண் வரிசை இரண்டு. ஹானா, துல், செத் என்பது அவர்களுடைய சொந்த எண்ணிக்கை. 99 வரைதான் போகும். இல், இ, சாம் என்பது சீனத்திலிருந்து வந்தது; பணம், தேதி, தொலைபேசி எண் எல்லாம் இதில்தான். மணி சொல்லும்போது இரண்டும் ஒரே மூச்சில் வரும். 3.20 என்றால் ‘செ சி இசிப் புன்’. மணிக்குச் சொந்த எண், நிமிடத்துக்குச் சீன எண்.

இதில் ‘செத்’ ஏன் ‘செ’ ஆனது? தமிழில் ஒன்று என்பது ‘ஒரு மாடு’ என்று வரும்போது மாறுகிறதல்லவா, அதே கதைதான். ஆங்கிலத்தில் அந்த மாற்றம் இல்லை. அதனால் அந்தத் தாள் இதை விதிவிலக்கு என்று எழுதி மனப்பாடம் செய்யச் சொல்கிறது! ஆளுக்கு ‘மியோங்’, மாட்டுக்கு ‘மாரி’ என்று தனித்தனி எண்ணுசொற்களும் உண்டு. நாற்றை முடியாகவும் வெற்றிலையைக் கவுளியாகவும் எண்ணும் ஊர்ப் பிள்ளைக்கு இதில் என்ன புதுமை?

பெரிய தொகைகளில்தான் வேதனை. 25 லட்சம் வோனை (கொரியப் பணம்) ‘இரண்டரை மில்லியன்’ ஆக்கி, அங்கிருந்து கொரியத்துக்குப் போகச் சொல்கிறார்கள். வழியில் சுழியம் தொலைகிறது. கொரியருக்கு 10,000 ஓர் அலகு, பெயர் ‘மான்’. நம் லட்சம் பத்து மான், கோடி ஆயிரம் மான். 25,00,000 என்று எழுதி, கடைசி நான்கு சுழியத்தை ஒரு பையனின் விரலாலேயே மூடச் சொன்னேன். மிச்சம் 250. ‘இபேக் ஒசிப் மான்’ என்று தடுமாறாமல் படித்துவிட்டான்.

உச்சரிப்பும் அப்படித்தான். சொந்த எண் வரிசையில் இருபதுக்கான சொல்லின் முதல் உயிரொலி, நம் ‘காசு’ என்ற சொல்லின் கடைசியில் வரும் குற்றியலுகரத்துக்கு மிக நெருக்கம். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பிள்ளைகள் ‘சியூமுல்’ என்று கடித்துத் துப்புகிறார்கள்.

முத்துப்பேட்டையிலும் வேதாரண்யத்திலும் இருக்கும் பிள்ளை இதற்காகச் சென்னைக்கு ஓட முடியாது. டெல்டா மாவட்ட மைய நூலகங்களில் வார இறுதியில் தமிழ்வழிக் கொரிய வகுப்பு நடத்த அரசு முன்வர வேண்டும். அதுவரை உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் கால் பக்கம் ஒதுக்குங்கள். எண்கள் பகுதியைத் தமிழில் எழுதித்தர நான் தயார்; ஊதியம் வேண்டாம்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மன்னார்குடி.