பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

மதுரை,
மார்கழி 8.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். பனிக்கு அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. அது உனக்கே தெரிந்திருக்கும், நீதான் அவளோடு தினமும் பேசுகிறாயே. உன் போன் வந்ததும் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். பேசி முடித்து வந்து, 'அப்பாவைக் கேட்டா' என்பாள். நீ கேட்டாயா, அவளாகச் சொல்கிறாளா என்று நான் துருவுவதில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் வண்டி எடுக்காதே. அந்த ரிங் ரோட்டில் லாரிக்காரர்கள் ஓட்டுகிற விதத்தை நான் வந்தபோதே பார்த்தேன்.

நான் ரிட்டயர் ஆன அன்று நீ வாங்கிக் கொடுத்த பைனாகுலர் ஞாபகம் இருக்கிறதா? எட்டு வருஷமாகப் பீரோவில் அட்டைப்பெட்டியோடு கிடந்தது. போன ஆடியில் எடுத்தேன். ஒன்பதாம் தெரு போஸ்ட்மாஸ்டர் சார் ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கப் போகிற கூட்டத்தில் இருக்கிறார். சர்க்கரைக்கு நடக்கத்தானே வேண்டும், வாங்க என்று கூப்பிட்டார். விடிவதற்கு முன்னால் ஒத்தக்கடையில் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புவோம். ஒரு வாரம் சாமநத்தம் கண்மாய், ஒரு வாரம் வண்டியூர். பல வாரம் அரிட்டாபட்டி.

அரிட்டாபட்டி என்று எழுதவே கை தயங்கியது. ஆனாலும் எழுதுகிறேன்.

முதல் நாள் அங்கே போனபோது நீ நடந்த பாதை எதுவாக இருக்கும் என்றுதான் பார்த்தேன். அப்புறம்தான் மலையைப் பார்த்தேன். ஏழு மலையும் விடிகிற நேரத்தில் சாம்பல் நிறத்தில் இருக்கும், வெயில் ஏற ஏறச் சிவக்கும். உச்சிப் பாறையில் லகர் வல்லூறு உட்கார்ந்திருந்தது. எனக்கு முதலில் தெரியவில்லை. ஒரு கல்லூரிப் பையன் என் பின்னால் நின்று, 'வெள்ளை எச்சம் வழிஞ்சிருக்கு பாருங்க சார், அதுக்கு ஒரு விரக்கடை மேல' என்று காட்டினான். கழிஞ்சமலைக் குகையில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின தமிழி எழுத்தையும் பார்த்தேன். முப்பத்தாறு வருஷம் இதே மாவட்டத்தில் உத்தியோகம் பார்த்தவன் நான். அங்கே அடங்கல், புலப்படம் என்று நிலக் கணக்கெல்லாம் பார்த்திருக்கிறேன், அந்த எழுத்தைப் பார்த்ததில்லை.

இந்தக் கூட்டத்தைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நாலு மாதமாக நினைக்கிறேன். மொத்தம் பதினைந்து பேர் இருப்போம். கரைவேட்டி கட்டிய ஒரு அண்ணன். எல்.ஐ.சி.யில் சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்ற தோழர். ஆர்.எஸ்.எஸ். ஷாகாவை முடித்துக்கொண்டு நேரே வருகிற ஜவுளிக்கடைக்காரர். வல்லாளப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர். நெல்பேட்டைப் பழக்கடை பாய். அந்தக் கல்லூரிப் பையனின் பைக் சாவியில் பெரியார் படம் தொங்கும். டீக்கடையில் வைத்துப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்து முதல் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. உனக்கு என்னைத் தெரியும், அரசியல் பேச்சு என்றால் எழுந்து போகிற ஆள்.

மூன்றாவது வாரம் ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தோம். அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் போட இருந்தார்களே, அந்தப் பேச்சு வந்தது. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தமுக்கத்துக்கு நடந்த கூட்டத்தில் அவர்களில் ஒன்பது பேர் இருந்திருக்கிறார்கள்! ஒருவருக்கு ஒருவர் அறிமுகமே கிடையாது அப்போது. தோழர் செங்கொடியோடு போயிருக்கிறார், ஜவுளிக்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார், விவசாயி ஊரோடு போயிருக்கிறார். 2015 ஹெக்டேரை ஏலம் விட்டது யார் குற்றம் என்று கேட்டால் இன்றைக்கும் ஆளுக்கு ஒரு பதில்தான். மத்தியில் என்பார் ஒருவர், மாநிலம் முதலிலேயே தடுத்திருக்கலாமே என்பார் இன்னொருவர். அதில் யாரும் இறங்கி வரவில்லை. ஆனால் சட்டமன்றத்தில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டதையும், 23ஆம் தேதி ஏலம் ரத்தானதையும் எல்லோரும் தங்கள் வீட்டு விசேஷம் மாதிரியே சொன்னார்கள். விவசாயி சொன்னார்: 'மலை ரொம்ப வருஷமா இருக்கு, கட்சிக நேத்து வந்தது.' யாரும் மறுக்கவில்லை.

'சார் அன்னைக்கு வந்தீங்களா?' என்று என்னைக் கேட்டார்கள். என் மகள் வந்திருந்தாள் என்றேன். பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து நடந்தாள், இரண்டு காலிலும் கொப்புளம் என்றேன். எத்தனை பெருமையாகச் சொன்னேன் என்று நீ கேட்டிருக்க வேண்டும். அந்தக் கொப்புளத்தோடு நீ வீட்டுக்குள் வந்தபோது நான் சொன்னது வேறு. 'உனக்கென்ன அங்க வேலை, கேஸ் கீஸ்னு வந்தா யாரு அலையறது' என்றுதானே சொன்னேன்.

நீயும் அன்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது. சாப்பிட உட்கார்ந்த இடத்தில், உன் அத்தையை வைத்துக்கொண்டு. கேட்கிற கேள்வியாகவே இருந்தாலும் தகப்பனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம். வேலைக்குப் போகிற பிள்ளை, பொறுமை வேண்டும். ராத்திரி வண்டி ஓட்டுகிற விஷயத்திலும் உனக்கு இதே அவசரம்தான். எட்டு மணிக்கு மேல் எடுக்காதே.

கார்த்திகையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கண்மாயில் (ஊர் பெயர் வேண்டாம்) உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். அதில் வக்காவும் கொக்கும் கூடு கட்டியிருக்கின்றன, குஞ்சு பொரித்திருக்கிறது. விவசாயி அதை அடியோடு வெட்ட வேண்டும் என்றார். மடை தூர்ந்துவிட்டது, ஆட்டுக்கும் மாட்டுக்கும் காலில் முள், தண்ணீர் கடைமடைக்கு வருவதில்லை. நியாயம்தானே! கல்லூரிப் பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டில் குஞ்சு இருக்கும்போது எப்படி வெட்டுவது? கோர்ட்டே எடுக்கச் சொல்லியிருக்கிறது என்றார் கரைவேட்டி அண்ணன். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற ஜனம் இருக்கிறதே, அவர்களிடம் யாராவது கேட்டீர்களா என்றார் தோழர். நம் ஊர்க்காரர்களே கோயில்காட்டில் ஒரு சுள்ளி ஒடிக்கமாட்டார்கள், அந்தக் கட்டுப்பாடு இதற்கும் வந்தால் போதும் என்றார் ஜவுளிக்கடைக்காரர். பையன் கோயில்காடு என்ற பேச்சுக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டான். குரல் உயர்ந்தது. எழுந்து போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது பாய் ஒரு காரியம் செய்தார். பைனாகுலரை விவசாயி கையில் கொடுத்து, கூட்டை எண்ணுங்க அண்ணே என்றார். அவர் எண்ணினார். நாற்பதுக்கு மேல் போனதும் நிறுத்திவிட்டார். பிறகு அவரே பையனைக் கூட்டிக்கொண்டு போய் மடையைக் காட்டினார். பையன் முட்டளவு சேற்றில் இறங்கிப் பார்த்தான். வேர் மடைக்குள் புகுந்து கல்லையே பெயர்த்திருக்கிறது. திரும்பி வரும்போது இரண்டு பேருமே வேறு மாதிரி பேசினார்கள். கரையிலும் மடையிலும் வரத்துக்காலிலும் இருப்பதை இப்போதே எடுப்பது, உள்வாயில் இருப்பதைக் குஞ்சு பறக்கிற வரை, சித்திரை வரை, தொடாமல் விடுவது, பிறகு பகுதி பகுதியாக எடுத்து நாட்டுக்கருவேலமும் நீர்க்கடம்பும் வைப்பது. வெட்டுகிற வேலை உள்ளூர்க்காரர்களுக்கே. ஒவ்வொருவரும் ஒரு வாசல் வழியாக வந்து அந்த இடத்தில் நின்றார்கள். கலெக்டருக்கு மனுக் கொடுப்பதாக முடிவானது.

'சார்தான் ரெவின்யூல இருந்தவங்க, சாரே எழுதட்டும்' என்றார்கள்.

அன்று ராத்திரி உட்கார்ந்தேன். ஐயா, பொருள், பார்வை என்று தலைப்பெல்லாம் தானாக வந்தது. 'மேற்படி கண்மாய் தூர்ந்த நிலையில்' என்று எழுதினேன் பாப்பா. அதோடு பேனா நின்றுவிட்டது. ஏனென்றால் இதே சொற்களை, இதே கையெழுத்தில், 1996இல் எழுதியிருக்கிறேன். 'மேற்படி கண்மாய் நீர்வரத்தின்றித் தூர்ந்த நிலையில், பயன்பாடற்று உள்ளது. ஆட்சேபணை இல்லை.' அன்று சாப்பாட்டில் நீ கேட்டாயே, 'உங்கள மாதிரி ஆளுக போட்ட கையெழுத்துலதானப்பா ஊரே முழுகுது' என்று. 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை வைத்துக் கேட்டாய். அதற்கு நான், 'மேல சொன்னாங்க, போட்டேன். ஒரு பைசா கை நீட்டுனவன் இல்ல' என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

பைசா வாங்கவில்லை என்பது சத்தியம். உன் பெரியப்பாவுக்கும் தெரியும், ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் மேலே சொன்னார்கள் என்பது முழு உண்மை இல்லை. அறிக்கை கேட்டார்கள், அவ்வளவுதான். இப்படித்தான் எழுத வேண்டும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் அந்த இடத்தைப் பார்த்தது சித்திரையில். சித்திரையில் எந்தக் கண்மாய் நிறைந்திருக்கும்? அதற்கு முந்தின ஐப்பசியில் அதே கரையில் சைக்கிளில் போயிருக்கிறேன். கலுங்கு வரை தண்ணீர். கறுப்புக் கறுப்பாக ஏதோ நீந்திக்கொண்டிருந்தது, நெற்றியில் வெள்ளையாக. நாமக்கோழி என்று இப்போதுதான் பெயர் தெரிகிறது. தண்ணீர் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வரத்து இல்லை என்று எழுதினேன்.

அப்போது நீ அம்மா வயிற்றில் ஆறு மாதம். நான் உசிலம்பட்டிப் பக்கம், வாரத்துக்கு ஒரு தடவைதான் வீடு. மதுரைக்கு மாறுதல் கேட்டு இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் திரும்பி வந்தது. அந்த இடத்தில் ஆர்வமாக இருந்தவர்களுக்கு மேலே செல்வாக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். அறிக்கை சுமுகமாகப் போனால் என் மாறுதலும் நகரும் என்று நானாகவே கணக்குப் போட்டேன். நகர்ந்தது. நாற்பது நாளில் ஆர்டர் வந்தது. நீ பிறந்த அன்று நான் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தேன், உன்னை முதலில் கையில் வாங்கியது நான்தான். அந்தக் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இதைச் சேர்த்துச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்காரர்களோடு எனக்கு ஒத்துப்போவது சுலபமாக இருக்கிறது தாயி. அவர்கள் என் அறிக்கையைப் படித்தவர்கள் இல்லை. ஷாகாக்காரர் பேச்சையும் பெரியார் சாவிக்காரன் பேச்சையும் காது கொடுத்துக் கேட்கிற எனக்கு, பெற்ற பிள்ளை பேச்சைக் கேட்க முடியாமல் போனது நீ தப்பாகப் பேசியதால் இல்லை. நீ சரியாகச் சொன்னாய். இடம்தான் தப்பு, அத்தை முன்னால் சொன்னது. அதுவும் இப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

மனுவை எழுதி முடித்துவிட்டேன். தூர்ந்த என்ற சொல்லை எடுத்துவிட்டு, மடை அடைபட்டிருக்கிறது, வரத்துக்கால் இத்தனை மீட்டர் மறைந்திருக்கிறது என்று அளந்து எழுதியிருக்கிறேன். பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. நான் இன்னும் போடவில்லை. நான் செய்ததை அவர்களிடம் சொல்லாமல் போடக் கூடாது என்று படுகிறது. அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்றிருக்கிறேன். கூட்டத்தில் சேர்ப்பார்களோ மாட்டார்களோ. அவர்களுக்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். மனுவின் நகல் வைத்திருக்கிறேன், படித்துப் பார்த்துத் தப்பு இருந்தால் திருத்து. உன் தமிழ் என்னுடையதைவிட நல்ல தமிழ், பத்தாவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்த பிள்ளை.

பொங்கல் லீவில் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. போகிற இடத்தில் கண்ட பறவையை எல்லாம் எண்ணிப் பதிய வேண்டும். போனில் பதிகிற வித்தை எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வருவாயா என்று கேட்கவில்லை, சொல்லிவைக்கிறேன். வந்தால் ரயிலில் வா, ராத்திரி ஆம்னி பஸ் வேண்டாம். உங்கள் பக்கம் ஜக்கூர் ஏரியில் கூழைக்கடா வரும் என்று கல்லூரிப் பையன் சொன்னான். பார்த்தால் அம்மாவிடம் சொல்லு, அவள் எனக்குச் சொல்வாள். என்னிடமே சொன்னாலும் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு. எட்டு மணிக்கு மேல் வண்டி எடுக்காதே.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: அந்த மாறுதல் எப்படி வந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. இருபத்தொன்பது வருஷமாக மீனாட்சி கொடுத்தது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நீ சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து நானே சொல்கிறேன்.