நெகட்டிவ் என்று வந்த ரிப்போர்ட்

அன்புள்ள மகனுக்கு,

வயிற்றுப்போக்கு நிற்காமல் நீ சோதித்து அனுப்பிய ரிப்போர்ட்டை மூன்று முறை படித்துவிட்டேன். ஆஸ்கா நெகட்டிவ், பி-ஆன்கா நெகட்டிவ். கீழே, பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையைப் பற்றி, "கொலனோஸ்கோப்பி தேவையில்லை, தப்பித்தேன் அம்மா" என்று எழுதியிருக்கிறாய். முப்பது வருடம் ஆய்வகத்தில் இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போட்டவள் சொல்கிறேன்: நீ தப்பிக்கவில்லை, கண்ணா.

ஆஸ்கா என்பது ஈஸ்டுக்கு எதிராக உடலில் உண்டாகும் ஆண்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம். ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் அதே ஈஸ்ட்தான். (ரொட்டி தின்றதால் நோய் வந்தது என்று அர்த்தமில்லை. அப்படி நினைத்து ரொட்டியை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம்.) கிரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் இது பாசிட்டிவாக வரும். மற்றவர்களின் ரிப்போர்ட்டும் உன்னுடையதைப் போலத்தான் இருக்கும். ஆனால் குடலில் புண் இருக்கும்.

பி-ஆன்கா வெள்ளணுக்களுக்கு எதிரான ஆண்டிபாடி; பெருங்குடலில் புண் வரும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பக்கம் கைகாட்டுவது. அதை நாங்கள் எப்படிப் பார்த்தோம் தெரியுமா? வெள்ளணுக்களை ஸ்லைடில் பரப்பி, ஆல்கஹாலில் பதப்படுத்தி, நோயாளியின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) விட்டு, ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்போம். மடல் மடலாகப் பிரிந்த உட்கருவை ஒட்டிப் பச்சையாக ஒரு விளிம்பு ஒளிர்ந்தால் பாசிட்டிவ். பளிச்சென்று இருந்தால் சிக்கலில்லை. மங்கலாக இருந்தால் நான் ஒன்று சொல்வேன், பக்கத்து மேசைக்காரர் வேறொன்று சொல்வார். ஆல்கஹாலுக்குப் பதில் ஃபார்மலினில் பதப்படுத்தினால் அந்தப் பச்சை விளிம்பு பல சமயம் காணாமலே போய்விடும். இவ்வளவு நுட்பமான ஒன்றை நம்பித்தான் நீ கொண்டாடிக்கொண்டிருக்கிறாய்.

பாசிட்டிவாக வந்திருந்தாலும் அது மட்டும் போதாது என்றே சொல்லியிருப்பேன். குடல் காசநோயிலும் சீலியாக் நோயிலும்கூட ஆஸ்கா பாசிட்டிவாக வருவதுண்டு. நோயே இல்லாத சிலருக்கும் வரும். பெருங்குடலைப் பார்த்து, பயாப்ஸிக்குத் துளி சதையும் எடுத்து, கிரோனா அல்சரேட்டிவ் கோலைட்டிஸா என்று மருத்துவர் இன்னும் தயங்கும்போதுதான் இவற்றுக்கு வேலை. ஆஸ்கா பாசிட்டிவ், பி-ஆன்கா நெகட்டிவ் என்றால் தராசு கிரோன் பக்கம் சாயும். மாறி வந்தால் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பக்கம். சாயும், அவ்வளவுதான்.

இப்போது இரண்டாம் பக்கத்துக்கு வா. மலத்தில் கால்புரோடெக்டின் 640 என்று இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே? குடலில் அழற்சி இருந்தால் அங்கே வந்து குவியும் வெள்ளணுக்களிலிருந்து வெளிப்படும் புரதம் அது. ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்திருந்தால் நானே உன்னோடு சேர்ந்து நிம்மதியாக இருந்திருப்பேன். முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாயே, அது இதைக் கூட்டிக் காட்டலாம்; மருத்துவரிடம் மறைக்காமல் சொல். ஆனால் நான்கு மாதமாக வயிற்றுப்போக்கு, ஐந்து கிலோ எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுந்து கழிவறைக்கு ஓடுவது, இதையெல்லாம் அந்த மாத்திரையின் தலையில் போட்டுவிட முடியாது.

உனக்குப் பயம் என்று தெரியும். மயக்க மருந்து கொடுத்துச் செய்தால் குழாய் உள்ளே போவதே உனக்குத் தெரியாது. முந்தின நாள் குடிக்கச் சொல்லும் பேதி மருந்துதான் பெரிய தண்டனை. குளிரவைத்து உறிஞ்சுகுழலில் குடி, ருசி அவ்வளவாகத் தெரியாது.

சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை பார்க்கச் சொல். பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்திலிருந்தும் பயாப்ஸி எடுப்பார்களா என்று கேள். அந்த ஆண்டிபாடி சோதனையை மறுபடி செய்யப் பணம் கட்டாதே.

தேதி கிடைத்ததும் எழுது. முந்தின நாளே நான் அங்கே இருப்பேன்.

அன்புடன்,
அம்மா